இரவு இரண்டு மணிக்கு விழும் சர்வர்: ஓஎஸ்ஸைத் தொடும் முன் என்ன பார்க்க வேண்டும்?

கேள்வி: வணக்கம் சார். கடலூர் முதுநகரில் ஒரு மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் ஐடி வேலை முழுவதையும் நான் ஒருவன்தான் பார்க்கிறேன். இருப்பது ஒரே டவர் சர்வர். உபுண்டு லினக்ஸ், மரியாடிபி டேட்டாபேஸ் போட்டிருக்கிறோம். பில்லிங், ஸ்டாக், ஏற்றுமதி ஆவணம் எல்லாம் அதில்தான். போன வருடம் 16 ஜிபி ரேமை 32 ஆக்கினோம். சில மாதங்களாக வாரத்துக்கு ஒரு முறையாவது கர்னல் பேனிக் ஆகி (ஓஎஸ்ஸின் மையப் பகுதியான கர்னல் மீள முடியாத பிழையில் விழுந்து) நின்றுவிடுகிறது. பெரும்பாலும் இரவு 2 மணிக்கு, பேக்கப் ஓடும் நேரத்தில். காலையில் பவர் பட்டனை அமுக்கி எழுப்பினால் பகல் முழுக்க ஒழுங்காக ஓடும். திரையைப் படம் பிடித்த மூன்று போட்டோக்களை இணைத்திருக்கிறேன். லாக் எல்லாம் பாதியில் அறுந்து நிற்கிறது. மெமரி பிழைகளை எண்ணும் லினக்ஸ் வசதியான எடாக்கில் ஒரு பிழைகூடக் காட்டவில்லை, அதனால் ரேம் நன்றாக இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு சர்வீஸ்காரர் கர்னல் அப்டேட்தான் காரணம், ஓஎஸ்ஸை மறுபடி போடலாம் என்கிறார். இன்னொருவர் மதர்போர்டு போய்விட்டது, புது சர்வர் வாங்குங்கள் என்கிறார். முதலாளி என் முகத்தைப் பார்க்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: தம்பி, இப்போதைக்கு இரண்டு பேர் சொல்வதையும் ஓரமாக வையுங்கள். நீங்கள் அனுப்பிய மூன்று போட்டோக்களிலேயே பாதி பதில் இருக்கிறது.

ஒவ்வொரு படத்திலும் ‘ஆர்ஐபி’ என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். கர்னல் எந்த ஃபங்ஷனுக்குள் இருக்கும்போது விழுந்தது என்று அதில் இருக்கும். முதல் படத்தில் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம். இரண்டாவதில் நெட்வொர்க் கார்டின் டிரைவர். மூன்றாவதில் மெமரி ஒதுக்கும் பகுதி, அப்போது ஓடிக்கொண்டிருந்தது மரியாடிபி. மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இடங்கள். அப்டேட்டில் வந்த ஒரு பிழை பொதுவாக இப்படி ஊர் சுற்றாது. அதே ஃபங்ஷன், அதே கால் டிரேஸ் (ஃபங்ஷன்கள் ஒன்றையொன்று அழைத்த வரிசை) என்று திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் கவிழ்க்கும். மெமரியில் ஒரு பிட் மாறிப்போனால் அந்த நேரத்தில் அந்த இடத்தை யார் தொட்டார்களோ அவர்கள் தலையில் பழி விழும். ஒரு டிரைவர் தன் எல்லையைத் தாண்டி அடுத்தவர் மெமரியில் எழுதிவிட்டாலும் இதே மாதிரி சிதறிய அறிகுறி வரும் என்பதால் நூறு சதவீதம் என்று சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் வெளியிலிருந்து எந்த டிரைவரையும் கொண்டுவந்து ஏற்றவில்லை. ‘டெயின்டட்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பி, ஓ என்ற எழுத்துகள் இல்லாததிலிருந்து அது தெரிகிறது. ஆக, என் கை முதலில் ரேம் பக்கம்தான் போகும்.

அதே படங்களில் இன்னொரு விஷயம். உங்கள் இரண்டாவது போட்டோவில் ‘ஊப்ஸ்’ (கர்னல் தன் பிழையை அறிவிக்கும் செய்தி) என்ற வரியில் #2 என்று இருக்கிறது, டெயின்டட் எழுத்துகளில் ‘டி’யும் இருக்கிறது. அந்த ‘டி’ வந்தால், இதற்கு முன்பே ஒரு முறை கர்னல் அடி வாங்கிவிட்டது என்று அர்த்தம். ஊப்ஸ் வந்த உடனே எல்லா நேரமும் மெஷின் நின்றுவிடாது. அந்த வேலையை மட்டும் கொன்றுவிட்டு நொண்டி நொண்டி கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம்தான் மொத்தமாக விழும். நீங்கள் படம் பிடித்தது இரண்டாவது அடி. #1 திரையில் மேலே ஓடிப் போய்விட்டது. நமக்கு வேண்டியது அதுதான். நெட்வொர்க் டிரைவரின் பெயர் இதில் அடிபடுவதை வைத்து லேன் கார்டை மாற்றக் கிளம்பிவிடாதீர்கள்.

சரி, ஏன் இரவு 2 மணி? பகலில் உங்கள் மரியாடிபியும் பில்லிங்கும் சேர்ந்து 32 ஜிபியில் ஒரு பகுதியைத்தான் எடுத்துக்கொள்கின்றன. பேக்கப் ஆரம்பித்ததும் நிலைமை மாறுகிறது. லினக்ஸ் சும்மா கிடக்கும் ரேமை விட்டுவைக்காது. படிக்கும் ஒவ்வொரு ஃபைலையும் பேஜ் கேஷில் (டிஸ்க்கிலிருந்து படித்ததை ரேமில் வைத்திருக்கும் இடம்) போட்டு நிரப்பும். ஆயிரக்கணக்கான ஃபைல்களைத் தொடும்போது ஐநோடு, டென்ட்ரி என்று கர்னலின் சொந்தக் கணக்குகளும் பெருகி, அதுவரை யாரும் போகாத மூலைக்கெல்லாம் போய் உட்காரும். பழுது அந்த மூலையில் இருந்தால் விழுவது பேக்கப் நேரத்தில்தான். பேக்கப் ஸ்கிரிப்ட்டில் தவறு என்று நினைத்து அதை மாற்றி எழுதிக்கொண்டிருந்தால் வீண் வேலை.

இப்போது எடாக். கவுண்டரில் பூஜ்ஜியம் இருந்ததா, அல்லது கவுண்டரே இல்லையா? இரண்டும் வேறு. /சிஸ்/டிவைசஸ்/சிஸ்டம்/எடாக்/எம்சி என்ற டைரக்டரிக்குள் எம்சி0 என்று ஒரு ஃபோல்டர் இருக்க வேண்டும். அதற்குள்தான் திருத்திய பிழை, திருத்த முடியாத பிழை என்று இரண்டு எண்ணிக்கைகளும் இருக்கும். எம்சி0 இல்லை என்றால் அங்கே எண்ணுவதற்கு ஆளே இல்லை. உங்கள் மெஷினில் அப்படித்தான் இருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். காரணம் போன வருடம் போட்ட அந்த 16 ஜிபி.

ஹார்டுவேர் விவரங்களைக் காட்டும் டிஎம்ஐடிகோட் கமாண்டை ரூட்டாக ஓட்டி, மெமரி பகுதியை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு ரேம் ஸ்டிக்குக்கும் ‘டோட்டல் விட்த்’, ‘டேட்டா விட்த்’ என்று இரண்டு வரிகள் வரும். இசிசி (பிழை திருத்தும் வசதி உள்ள) ஸ்டிக் என்றால் 72, 64 என்று காட்டும். கூடுதலான அந்த 8 பிட்டில்தான் பிழை திருத்தும் கணக்கு இருக்கிறது. சாதாரண டெஸ்க்டாப் ரேம் என்றால் இரண்டிலும் 64. மேலே ‘எர்ரர் கரெக்‌ஷன் டைப்’ என்ற வரியையும் பாருங்கள். அதில் ‘நன்’ என்று இருந்தால் கதை முடிந்தது. மெஷினைத் திறந்தால் கண்ணாலேயே தெரியும்: டெஸ்க்டாப் ஸ்டிக்கில் ஒரு பக்கத்துக்கு 8 கறுப்புச் சில்லுகள் இருக்கும் இடத்தில், உங்கள் சர்வருக்கான இசிசி ஸ்டிக்கில் 9 இருக்கும். பழைய இரண்டு ஸ்டிக்கும் ஒன்பது, புதிய இரண்டும் எட்டு என்று வந்தால், விற்றவர் கடையில் கைக்குக் கிடைத்ததைக் கொடுத்திருக்கிறார். இந்த வகைச் சிறிய சர்வர்களில் இரண்டையும் கலந்தால் ஒன்று மெஷின் பூட்டே ஆகாது, அல்லது இசிசியை மொத்தமாக அணைத்துவிட்டுச் சத்தமில்லாமல் ஓடும். பூட் ஆகாமல் போவதே மேல். இசிசி இருந்தால் ஒரு பிட் மாறினால் தானே திருத்திவிட்டுக் கணக்கில் எழுதும். இரண்டு பிட் மாறினால் இன்ன இடத்தில் பிழை என்று சொல்லிவிட்டு நிறுத்தும். அணைந்து கிடந்தால் கெட்ட தகவல் நல்ல தகவலாகவே டிஸ்க்குக்குப் போகும்.

இதனால்தான் எனக்குப் பேனிக்கை விடப் பேக்கப்பைப் பற்றித்தான் அதிகக் கவலை. மரியாடிபியில் தகவலைச் சேமிக்கும் இன்னோடிபி என்ற பகுதி ஒவ்வொரு பேஜுக்கும் செக்சம் (சரிபார்ப்பு எண்) வைத்திருக்கிறது, உண்மைதான். ஆனால் செக்சம் போடுவதற்கு முன்பே ரேமில் பிட் மாறியிருந்தால், தவறான தகவலுக்குச் சரியான செக்சம் விழும். அது யாருக்கும் தெரியாது. ஒரு கன்டெய்னரின் எடையில் ஒரு இலக்கம் மாறிப்போய், அது ஏற்றுமதி ஆவணத்தில் ஏறினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு என்னை விட நன்றாகத் தெரியும். எனவே எதையும் கழற்றுவதற்கு முன்னால், டேட்டாபேஸை ஒரு முழு டம்ப் (மொத்தத் தகவலின் நகல்) எடுத்து, வேறு ஒரு கம்ப்யூட்டரில் ரிஸ்டோர் செய்து பாருங்கள். டம்ப் ஆனது என்பது போதாது, ரிஸ்டோர் ஆகிறதா என்று பார்க்க வேண்டும். பழைய பேக்கப்புகளை இப்போதைக்கு அழிக்காதீர்கள். பேக்கப்பைச் சுருக்கும் ஜிஜிப்பில் சோதனைக்கு மட்டும் ஒரு ஆப்ஷன் இருக்கிறது. அதைச் சேமித்து வைத்திருக்கும் பேக்கப்புகள் மேல் ஓட்டுங்கள். இடையிடையே சிஆர்சி (செக்சம்) பிழை என்று வந்தால், எந்தத் தேதியிலிருந்து என்று குறித்துக்கொள்ளுங்கள். ரேம் மாற்றிய தேதிக்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது என்றால் முதலாளியிடம் காட்ட அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

பகலிலேயே செய்யக்கூடிய ஒரு சின்னச் சோதனையும் உண்டு. பத்து, இருபது ஜிபி உள்ள ஒரு மாறாத ஃபைலுக்கு ஷா256சம் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) எடுங்கள். கேஷைக் காலி செய்துவிட்டு மறுபடி எடுங்கள். இப்படிச் சில முறை. விடை ஒரு தடவை மாறினாலும் போதும், உங்கள் ஓஎஸ் நிரபராதி. கேஷைக் காலி செய்யாவிட்டால் ரேமில் இருக்கும் அதே நகலையே திரும்பப் படிக்கும், சோதனைக்கு அர்த்தம் இருக்காது.

லாக் பாதியில் அறுந்து நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பேனிக் ஆன கர்னல் டிஸ்க்கில் எழுதாது, எழுதவும் கூடாது. அதன் கடைசிப் பேச்சை வேறு வழியில்தான் பிடிக்க வேண்டும். முதலில் /வார்/லிப்/சிஸ்டம்டி/பிஎஸ்டோர் டைரக்டரியைத் திறந்து பாருங்கள். சர்வர் போர்டுகளில் பல நேரம் பேனிக்கின் வால் பகுதி ஃபர்ம்வேரில் சேமிக்கப்பட்டு, அடுத்த பூட்டில் இங்கே வந்திருக்கும். கேட்பாரற்று அங்கேயே கிடக்கும். அப்புறம் நெட்கன்சோல். கர்னல் செய்திகளை யுடிபி வழியாக லேனில் இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். வழக்கமான போர்ட் 6666. அலுவலகத்தில் தூசி படிந்த ஏதாவது ஒரு பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ் போட்டு, வரும் செய்திகளைக் கேட்டு வாங்கும் நெட்கேட்டைத் திறந்து வைத்தால் போதும், ஓடிப்போகும் அந்த #1 அங்கே பதிவாகிவிடும். நெட்வொர்க் டிரைவருக்குள்ளேயே விழும்போது மட்டும் இது கைவிடலாம். அதற்குக் கேடம்ப் இருக்கிறது. கொஞ்சம் ரேமைத் தனியே ஒதுக்கி வைத்து, பேனிக் ஆனதும் இரண்டாவது கர்னலை எழுப்பி, இறந்த கர்னலின் மெமரியை டிஸ்க்கில் இறக்கும். உங்கள் நிலைமைக்கு நெட்கன்சோலே போதும் என்று நினைக்கிறேன். கேடம்ப் கோப்பைத் திறந்து ஆராய்வது தனிப் படிப்பு.

சர்வரில் ஐபிஎம்ஐ (ஓஎஸ் விழுந்தாலும் தனிச் சில்லு ஒன்றால் ஹார்டுவேரைக் கண்காணிக்கும் வசதி) இருந்தால் அதன் ஈவென்ட் லாகையும் ஐபிஎம்ஐடூலில் எடுங்கள். நிறைய பேர் ஏமாறும் இடம் ஒன்று: அந்தச் சில்லின் கடிகாரம் பெரும்பாலும் யுடிசியில் (உலகப் பொது நேரம்) ஓடும். நம் ஊர் இரவு 2 மணி அங்கே முந்தைய நாள் 20:30 என்று இருக்கும். 2 மணிக்கு எதுவும் இல்லையே என்று மூடிவிடாதீர்கள்.

இனி கை வைக்கும் வேலை. புதிய இரண்டு ஸ்டிக்குகளையும் கழற்றிவிட்டு, பழைய இரண்டை மட்டும் ஆரம்பத்தில் இருந்த அதே ஸ்லாட்டுகளில் போட்டு ஓட்டுங்கள். அதற்கு முன் மரியாடிபி செட்டிங்கில் இன்னோடிபி பஃபர் பூல் (டேட்டாபேஸ் தனக்கென எடுத்துக்கொள்ளும் ரேம்) எவ்வளவு என்று பாருங்கள். ரேம் ஏற்றியபோது அதையும் உயர்த்தியிருப்பீர்கள். குறைக்காமல் பூட் செய்தால் ரேம் தீர்ந்தால் வேலைகளைக் கொல்லும் ஓஓஎம் கில்லர் வந்து டேட்டாபேஸைக் கொன்றுவிடும், நீங்கள் புதுப் பிரச்சினை என்று நினைப்பீர்கள். 16 ஜிபியில் பேக்கப் கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான். இதில் இரட்டை லாபம். புதிய ஸ்டிக்தான் குற்றவாளி என்றால் பேனிக் நின்றுவிடும். இசிசியும் மறுபடி விழித்துக்கொள்ளும், எம்சி0 தோன்றும். அதனால் பழைய ஸ்டிக்கில் கோளாறு இருந்தாலும் இந்த முறை எண்ணிக்கையில் தெரிந்துவிடும், எந்த ஸ்லாட் என்பது உட்பட.

கழற்றிய ஸ்டிக்குகளை இன்னொரு மெஷினில் ஒவ்வொன்றாகப் போட்டு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ் ஓட்டுங்கள். 6-ஆம் பதிப்போ அதற்கு மேலோ எடுங்கள், பழையவை யுஇஎஃப்ஐ (புதிய வகை பூட் ஃபர்ம்வேர்) மெஷினில் பூட் ஆகாது. ஒரு சுற்று முடிந்ததும் பாஸ் என்று வந்தால் நிறுத்திவிடாதீர்கள், இரவு முழுக்க ஓடட்டும். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் அந்த ஸ்டிக் வேண்டாம். இரவு முழுக்க ஓடியும் ஒன்றும் வரவில்லை என்றால் ஸ்டிக் நல்லது என்று அடித்துச் சொல்ல முடியாது. சூட்டில் மட்டும், அல்லது அந்த ஸ்லாட்டில் மட்டும் தகராறு செய்யும் ஸ்டிக்குகள் உண்டு.

ஸ்லாட் என்றதும் முதுநகர் நினைவுக்கு வருகிறது. நான் இருக்கும் பாண்டியிலும் அதே கடல்காற்றுதான். ஸ்டிக்கை வெளியே எடுத்ததும் அடியில் இருக்கும் தங்க நிறக் காண்டாக்டுகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஸ்லாட்டின் பல் பதிந்த இடத்தில் மங்கலாக ஒரு கோடு, ஓரத்தில் பழுப்பாகவோ பச்சையாகவோ ஒரு பூப்பு தெரிந்தால் அது உப்பின் வேலை. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானே நீரை இழுத்துக்கொண்டு கரைய ஆரம்பிக்கும். போர்டில் படிந்த தூசியில் அந்த உப்பும் இருக்கிறது. நம் கரையில் இரவு ஈரப்பதம் இந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன்: இரவில் சர்வர் அறை ஏசியை அணைத்துவிடுகிறார்களா? பல கம்பெனிகளில் வாட்ச்மேனுக்கு அப்படித்தான் உத்தரவு. அணைத்தால் அறை சூடாவதோடு ஈரமும் ஏறும். விண்டோ ஏசி என்றால் வெளிக்காற்றை உள்ளே விடும் வென்ட்டை மூடியே வையுங்கள்.

சுத்தம் செய்யும்போது பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை ஒரு முறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடிய விடுங்கள். ரிஸ்ட் ஸ்ட்ராப் கட்டிக்கொள்ளுங்கள். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் உதிராத துணியால் காண்டாக்டுகளை ஒரே திசையில் துடையுங்கள், காய்ந்த பிறகு மாட்டுங்கள். பென்சில் ரப்பரால் தேய்ப்பது நம் ஊர் சர்வீஸ் சென்டர்களின் குலத்தொழில், எனக்குத் தெரியும். தேய்த்ததும் மெஷின் எழுந்தும் விடும். ஆனால் அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது, தேயத் தேயக் கீழே இருக்கும் உலோகம் வெளியே வரும், அடுத்த மழைக்காலத்தில் முன்பைவிடச் சீக்கிரம் அரிக்கும். ரப்பர்த் துகள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் அது வேறு தலைவலி. ஸ்லாட்டுக்கு பிளோயரே போதும்.

ரேமைச் சுத்தமாக ஒதுக்கிய பிறகும் விழுகிறது என்றால் அடுத்தது மின்சாரம். உங்கள் வளாகத்தில் கோல்டு ஸ்டோரேஜ் இருக்கும். பெரிய கம்ப்ரசர் மோட்டாரை நேரடியாக ஸ்டார்ட் செய்தால் வழக்கமான கரன்ட்டைப் போல ஆறு மடங்கு வரை இழுக்கும். சர்வர் யுபிஎஸ்ஸின் இன்புட் அதே லைனில் இருந்தால் பிரித்துவிடுங்கள். மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்து பாருங்கள், கம்ப்ரசர் ஓடும்போது. 3 வோல்ட்டைத் தாண்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பிட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வேலையை மட்டும் மீன்பிடித் தடைக்காலத்துக்குத் தள்ளலாம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை உங்களுக்கும் வேலை குறைவாகத்தானே இருக்கும்.

டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட்சிடிஎல் கமாண்டில் அதை ஒரு பார்வை பாருங்கள். 5, 197, 198 என்ற எண்ணுள்ள வரிகளில் எண்ணிக்கை ஏறினால் டிஸ்க் போகிறது. 199 மட்டும் ஏறினால் சாட்டா கேபிளை மாற்றினால் போதும், டிஸ்க்கைக் குப்பையில் போட வேண்டாம்.

முதல் சர்வீஸ்காரருக்கும் ஒரு வாய்ப்புக் கொடுப்போம். கர்னல்தான் காரணமா என்று பார்க்க ஓஎஸ்ஸை மறுபடி போடத் தேவையே இல்லை. உபுண்டுவில் சாஃப்ட்வேரை நிறுவும் ஏபிடியின் ஹிஸ்டரி லாகில் கர்னல் எப்போது மாறியது என்று தேதியோடு இருக்கும். முதல் பேனிக் அதற்கு முன்பா பின்பா என்று ஒப்பிடுங்கள். முந்தைய கர்னல் பெரும்பாலும் இன்னும் மெஷினில்தான் இருக்கும். பூட் ஆகும்போது கிரப் மெனுவில் அதைத் தேர்ந்தெடுத்து இரண்டு வாரம் ஓட்டினால் தெரிந்துவிடும். ஆனால் இதையும் ரேம் கழற்றுவதையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். பேனிக் நின்றால் எதனால் நின்றது என்று உங்களுக்கே தெரியாது. ரேம் முதலில். பழுதான ரேமை வைத்துக்கொண்டு ஓஎஸ்ஸை மறுபடி போட்டால், இன்ஸ்டால் ஆகும் ஃபைல்களே கெட்டுப்போய் எழுதப்படலாம்.

மதர்போர்டு என்று சொன்னவர் தவறாக இருக்கிறார் என்று இப்போதே சொல்லமாட்டேன். நல்ல ஸ்டிக் என்று உறுதியானதை ஒரு குறிப்பிட்ட ஸ்லாட்டில் போடும்போது மட்டும் பிழை வந்தால், அப்போது அவர் சொன்னது சரி. அதுவரை முதலாளியிடம் பணம் கேட்க வேண்டாம்.

புது ரேம் வாங்க வேண்டியிருந்தால் கடையில் ‘சர்வர் ரேம் கொடுங்கள்’ என்று மட்டும் கேட்காதீர்கள். சர்வர் ரேமிலேயே ரெஜிஸ்டர்டு, அன்பஃபர்டு என்று இரண்டு வகை உண்டு, ஒன்றுக்குப் பதில் மற்றொன்று வேலை செய்யாது. உங்கள் பழைய ஸ்டிக்கின் பார்ட் நம்பரை டிஎம்ஐடிகோட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போங்கள். அந்த நம்பரும் ‘இசிசி’ என்ற சொல்லும் பில்லில் ஏற வேண்டும் என்று சொல்லுங்கள். பழைய பில்லையும் தேடி எடுங்கள். அதில் இசிசி என்று எழுதிவிட்டு எட்டுச் சில்லு ஸ்டிக்கைக் கொடுத்திருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.